கழுவேற்றி கோமானுக்கு நாலு வரி

விளாத் கோமான் இறந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டதாகத் தலைநகரத்திலிருந்து எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் எழுத்துமூலமாக வந்தது அப்போதுதான்.

ஆட்களை உயிரோடு கழுவிலேற்றுவதில் பெயர் போனவர் எங்கள் பழைய அரசர். கழுவேற்றி என்பதே அவருக்குப் பட்டப்பெயர். நான் பள்ளியில் படித்த ஐம்பதுகளில் பாடப்புத்தகம் அவரைக் கொடுங்கோலன் என்றது. அவரை யாராவது புகழ்ந்தால் போலீஸ் வந்தது. அறுபதுகளின் கடைசியில் 'கண்டிப்பானவர்' ஆனார். இப்போது, எழுபத்தாறில், தேசத்தின் மானம் காத்த மாவீரர். கல்லறையில் அந்த மனிதர் அசையவே இல்லை. புத்தகம்தான் புரண்டு புரண்டு படுத்தது.

ஐந்நூறாம் ஆண்டை ஒவ்வொரு ஊரும் கொண்டாட வேண்டும் என்று ஆணை. பக்கத்து ஊருக்கு வெண்கலச் சிலை கிடைத்தது. அதற்கடுத்த ஊருக்கு இடிந்த கோட்டை கிடைத்தது. எங்கள் ஸ்தெஜாருவுக்கு வரும்போது கையிருப்பில் சிரிப்பு ஒன்றுதான் மிச்சமிருந்தது. எங்கள் மக்கள் எதற்கெடுத்தாலும் நாலு வரியில் ஒரு குத்தல் பாட்டுக் கட்டுவார்கள்: கல்யாணத்தில், சாவில், ரொட்டி வரிசையில். அதை நகைப்பா என்போம். ஆகவே கோமானைப் பற்றிய நகைப்பாக்களுக்கு ஒரு போட்டி. பெயர், 'ஆரோக்கியமான சிரிப்பு விழா'.

பொறுப்பு எங்கள் கலாசார இல்லத்தின் இயக்குநர் தோழர் பான்தெலிமோன் கியூத்சாவிடம். நான் அங்கே தட்டச்சர். பெயர் லியோன்தினா. பதினைந்து வருடமாக அவர் சொல்வதைத் தட்டச்சு செய்து வந்தேன். கியூத்சா சிரிப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, உறையில் போட்டு மூடுவார். அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முதல் கூட்டத்தில் அவர் பேசியது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது.

"தோழர்களே, சிரிப்பு ரெண்டு வகை. ஒன்னு, நாம சிரிக்கிறது. இன்னொன்னு, நம்மளப் பாத்து சிரிக்கிறது. ரெண்டாவத நாம எப்பவோ ஒழிச்சுட்டோம். முதலாவது மட்டும்தான் பாக்கி. அதையும் கட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா இந்த வட்டாரத்துல பிரச்சினையே இருக்காது."

கைதட்டினார்கள்.

பிறகு ஒதுக்கீடு நடந்தது. சிமென்ட் ஆலைக்கு நாற்பது நகைப்பா, ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து, கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு (அங்கே காவலாளி ஒருவர்தான்), குழந்தைகள் காப்பகத்துக்கு ஆறு. காப்பகத்திலிருந்து ஆறும் குறித்த நாளில் வந்து சேர்ந்தன. அவற்றில் நாலு வெறும் அழுகை என்று ஆசிரியை ஓரத்தில் குறித்திருந்தார். கியூத்சா படித்துப் பார்த்து, 'உள்ளடக்கத்தில் குறையில்லை' என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது சொற்கள். ஒருநாள் காலை என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கழுமரம்னு அடிக்காதம்மா. படிக்கிறவனுக்கு வலிக்கும்."

"அப்ப என்ன அடிக்கிறது, தோழர்?"

யோசித்தார். "நேரான நீதி."

"ரத்தம்?"

"உணர்ச்சி."

"தலைவெட்டு?"

"பணிநீக்கம்."

அன்று முழுவதும் இருநூறு நகைப்பாக்களைத் திருத்தினேன். ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவர் எழுதியது இப்படி முடிந்தது: 'நாற்புறமும் நேரான நீதிகள் முனகிக்கொண்டிருக்க, நடுவிலே அமர்ந்து கோமான் பகலுணவு உண்டார்.' மருத்துவர் நேரில் வந்து முறையிட்டார். "நீதி எப்படிம்மா முனகும்?" என்றார். அது இயக்குநரின் திருத்தம் என்றேன். "அப்படீன்னா முனகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு மூன்று வியாழக்கிழமைகள் சிரிப்பு ஒத்திகை. கியூத்சா மேடையில் பென்சிலைத் தூக்கினால் சிரிக்க வேண்டும். இறக்கினால் நிறுத்த வேண்டும். ஆறு விநாடி. கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. டிராக்டர் ஓட்டும் கிளிகோர் மட்டும் எட்டு விநாடி சிரித்தான். கடைசி இரண்டு விநாடி அவனுடைய சொந்தப் பொறுப்பில் என்று குறிப்பில் ஏற்றினோம்.

நகைப்பா நூல் அச்சாகி வந்தது. எண்ணூறு பிரதி. அன்று மத்தியானம் தபால் ஆபீசின் பார்சல் கவுண்டரில் வேலை பார்க்கும் செவஸ்தித்சா, தபால்காரர்களின் பங்கில் பாக்கியிருந்த மூன்று நகைப்பாக்களைத் தாமதமாகக் கொடுக்க வந்திருந்தாள். எனக்கு அடுத்த வீட்டுக்காரி. இருபது வருடப் பழக்கம். மேசையில் கிடந்த நூலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அங்கே பூவேலைக் கட்டத்துக்குள் இது இருந்தது:

பொற்கிண்ணம் வைத்தான் கோமான் ஊற்றுக்கு அருகே;
பூச்சிகூடத் தொடவில்லை, நீதியைப் பார்த்து.
தகரக் குவளைதான் பண்ணையார் நாளில், சங்கிலி போட்டே;
குவளை போச்சு, சங்கிலி போச்சு, ஊற்றும் சேர்த்து!

கீழே: 'என் வாலிபத்தில், 1957-இல், ஒரு ஞானஸ்நான விருந்தில், நெஞ்சு கொதித்து நான் இயற்றியது. பான்தெலிமோன் கியூத்சா.'

செவஸ்தித்சாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விரல் மட்டும் மூன்றாவது வரியில் ஊன்றி நின்றது. நகம் வெளுத்துப் போயிருந்தது.

"லியோன்தினா, இத யாருடி எழுதினது?"

"போட்டிருக்கே. இயக்குநர்."

"எப்ப?"

"ஐம்பத்தேழுல."

"ஐம்பத்தேழுல" என்று திரும்பச் சொன்னாள். "எனக்கு ஒரு பிரதி குடு. இல்ல, ரெண்டு குடு."

அவளுக்கு ஒரே தம்பி, ஃபிலாரெத். ஒரு காலத்தில் இந்த ஊரின் தபால்காரன். கடிதத்தோடு வீட்டுக்கு வீடு ஒரு நகைப்பாவும் கொடுத்துவிட்டுப் போவான். கடிதம் இல்லாத வீட்டிலும் அவனுக்காக வாசலில் நிற்பார்கள். ஐம்பத்தேழில் ஒரு ஞானஸ்நான விருந்தில், இரண்டு கிளாஸ் பிளம் சாராயத்துக்குப் பிறகு எழுந்து நின்று, கோமானின் பொற்கிண்ணத்தைப் பற்றி நாலு வரி சொன்னான். மூன்று மாதம் கழித்து அவனைக் கொண்டுபோனார்கள். கொடுங்கோலனைப் புகழ்ந்தது ஒரு குற்றம், இன்றைய ஆட்சியில் குவளைகூடத் தங்காது என்று சொன்னது இன்னொன்று. நாலு வருடம். ஆற்று முகத்துவாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நாணல் வெட்டும் முகாம். திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல் இல்லை. தபால் வேலை கொடுக்கவில்லை. பொதுக் குளியலகத்தில் கொதிகலனுக்கு விறகு போடும் வேலை கிடைத்தது. அதற்குப்பின் அவன் வாயிலிருந்து ஒரு நகைப்பாவும் வந்ததில்லை. கல்யாண வீடுகளில் அவன் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். பயம்.

வேலைக்கு மனுப்போடுவதற்காக அறுபத்திரண்டில் செவஸ்தித்சா நீதிமன்றத் தீர்ப்பின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதில் சாட்சியின் பெயரைப் படித்தாள்: கியூத்சா பான்தெலிமோன். ஃபிலாரெத்தின் பால்ய நண்பர். விருந்தில் அவன் கிளாஸில் சாராயம் ஊற்றியவர். யாரிடமும் அவள் எதுவும் சொல்லவில்லை. பதினாலு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று அவருக்குத் தபால்தலை விற்றாள். பசை காய்ந்த தபால்தலைகளாகப் பொறுக்கி வைத்திருந்து கொடுத்தாள். அவர் அனுப்பிய முட்டைப் பார்சல் எதுவும் முட்டையாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை குளியலகத்தில் பெண்கள் நாள். நானும் அவளும் குளித்து முடித்து, ஈரத்தலையோடு கொதிகலன் அறைக்குப் போனோம். ஃபிலாரெத் கையைத் துடைத்துக்கொண்டு நூலை வாங்கிப் படித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு எழுதினது?"

"நீதான்டா."

"நானா?" மறுபடி படித்தான். உதடு அசைந்தது. பிறகு முகம் சுருங்கியது. "இல்லக்கா, இது என்னுது இல்ல. மூணாவது வரியப் பாரு, நொண்டுது."

"எங்கடா நொண்டுது?"

"'தகரக் குவளைதான் இன்று'ன்னு வரணும். 'இன்று'ன்னு ஒரு சின்ன வார்த்த இருந்த எடத்துல 'பண்ணையார் நாளில்'னு ரெண்டு மூட்டையத் தூக்கி வெச்சிருக்கான். மூச்சு முட்டுது பாரு. அதுக்கு மேல, கழுமரத்த எடுத்துட்டு நீதின்னு... யாரு செஞ்சா இத?"

அவள் கீழே இருந்த பெயரைக் காட்டினாள்.

ஃபிலாரெத் விறகுக் குவியலில் உட்கார்ந்தான். கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. நான் அவன் அழுவான் என்று நினைத்தேன்.

"நாலு வருஷம் நாணல் வெட்டினேன்" என்றான் கடைசியில். "அத விடு. வயித்துப் பொழப்புக்குப் போட்டுக் குடுத்தான், பயத்துல போட்டுக் குடுத்தான், எனக்குத் தெரியாதா? மன்னிச்சுட்டேன்னு வெச்சுக்க. ஆனா வரியக் கெடுக்கலாமா? எடுத்தவன் ஒழுங்கா எடுக்கக் கூடாதா?"

"என்ன செய்யலாம்கிற?"

"எனக்கு என்னக்கா தெரியும்? நீயே செய்யி."

அவள் என்னைப் பார்த்தாள். "லியோன்தினா, உங்க ஆபீசுல ஏதாவது விதி இருக்கா?"

இருந்தது. விதி பதினாலு. சிமென்ட் ஆலையில் இரண்டு பேர் ஒரே நகைப்பாவுக்கு உரிமை கொண்டாடி வாய்த்தகராறில் இறங்கியபோது கியூத்சாவே நடந்துகொண்டே சொல்ல நான் தட்டச்சு செய்தது. 'படைப்புரிமைத் தகராறு எழுந்தால், உரிமை கோருபவர் முத்திரையிட்ட அத்தாட்சியை மூடிய உறையில் தர வேண்டும். எதிர்த்தரப்பு அதை முன்கூட்டிப் பார்க்கலாகாது. தலைநகரப் பிரதிநிதி மக்கள் முன்னிலையில் பிரித்து, உரக்கப் படித்து, தீர்ப்பளிப்பார்.' என்னைக் கேட்டால் நல்ல விதி. அதைச் சொன்னவர் அதைப் படித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை செவஸ்தித்சா உறையோடு வந்தாள். உள்ளே நீதிமன்றத் தீர்ப்பு. குடியரசின் முத்திரை இரண்டு இடத்தில். அதைவிடப் பெரிய அத்தாட்சி எந்தக் கவிஞனிடமும் கிடையாது. நான் வரவு எண் போட்டேன். வேலை போகும் என்று தெரியும். ஆனால் இருநூறு இடத்தில் நேரான நீதி என்று அடித்த விரல்கள் என்னுடையவை. அவற்றுக்கும் ஏதாவது ஆறுதல் வேண்டாமா?

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அரங்கம் நிறைந்திருந்தது. தலைநகரப் பிரதிநிதி தோழர் ஸம்ஃபிராகேவுக்குப் பல்வலி; கன்னத்தில் துணி கட்டியிருந்தார். பதினோரு ஊர்களில் நாலாயிரம் நகைப்பாக்களைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். பல்வலி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு மணிநேரம் பென்சில் ஏறி ஏறி இறங்கியது. சிரிப்பு ஆறாறு விநாடியாக வந்து போயிற்று. பிறகு ஸம்ஃபிராகே உறையைக் கையில் எடுத்தார்.

"விதி பதினாலு படி ஒரு தகராறு இருக்கு. முதல் பக்கத்து நகைப்பா பத்தி. தோழர் கியூத்சா, நீங்க முதல்ல பேசுங்க."

கியூத்சா மகிழ்ச்சியோடு எழுந்தார். தம்முடைய பாட்டுக்கு ஒரு போட்டியாளர் என்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது. கூட்டத்தின் நடுவில் ஃபிலாரெத் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. பதினெட்டு வருடமாகவே அவனைக் கவனிக்காமலிருந்து பழகியவர்.

"தோழர், அந்தப் பாட்டு என் வாலிபத்தோட ரத்தம்" என்றார். நான் 'உணர்ச்சி' என்று குறித்துக்கொண்டேன். "ஐம்பத்தேழு, அக்டோபர் மாசம். ஒரு ஞானஸ்நான விருந்து. கோமானப் பத்திப் பேசவே ஊர் நடுங்கின காலம். நான் எழுந்து நின்னேன். பயப்படல. நாலு வரியும் அங்கயே, அந்த நிமிஷமே வந்துச்சு. எல்லாரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க."

"வேற யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லையே?"

"தோழர், இது மனசுலேர்ந்து வர்ற விஷயம். இரவல் வாங்க முடியாது."

"எதிர்த்தரப்பு யாரு?"

ஃபிலாரெத் எழுந்தான். வேலைச் சட்டைதான் போட்டிருந்தான். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. கியூத்சா கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்க அல்ல.

"இந்தப் பாட்டு ஒன்னோடதுன்னு சொல்றியா?" என்றார் ஸம்ஃபிராகே.

"நான் சொல்லலீங்க, தோழர். அப்பவே 'என்னுது இல்ல, எங்கயோ கேட்டது'ன்னுதான் சொன்னேன். நீதிமன்றம் ஒத்துக்கல. நீதான் எழுதினன்னு ரெண்டு நாள் ஒக்காந்து நிரூபிச்சாங்க. ரொம்பச் சிரமப்பட்டாங்க, பாவம். இப்ப நான் போயி இல்லன்னு சொன்னா நீதிமன்றத்த அவமதிச்ச மாதிரி ஆயிடும்."

ஸம்ஃபிராகே உறையைப் பிரித்தார். விதிப்படி உரக்கப் படித்தார். குடியரசின் பெயரால் என்று தொடங்கிச் சாட்சியத்துக்கு வந்தார்.

"'சாட்சி கியூத்சா பான்தெலிமோன் உறுதிமொழி எடுத்துக் கூறியதாவது: இந்தப் பகைப் பாட்டை எதிரி என் கண்ணெதிரிலேயே இயற்றினான். வேறு யாரும் இயற்றியிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் இந்த வட்டாரத்தில் இவ்வளவு நன்றாக எழுத அவனைத் தவிர யாருக்கும் வராது.'"

யாரோ இருமினார்கள். ஸம்ஃபிராகே நிறுத்தவில்லை. படித்துக்கொண்டே போகிற மனிதர் அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை. சாட்சியத்துக்குக் கீழே தீர்ப்பு நாலு வரியையும் முழுதாக எடுத்துக் காட்டியிருந்தது. அவர் கணீரென்று படித்தார்:

"பொற்கிண்ணம் வைத்தான் கோமான் ஊற்றுக்கு அருகே;
பூச்சிகூடத் தொடவில்லை, கழுமரம் பார்த்து.
தகரக் குவளைதான் இன்று, சங்கிலி போட்டே;
குவளை போச்சு, சங்கிலி போச்சு, ஊற்றும் சேர்த்து!"

எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் ஊற்று வறண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சங்கிலி அதற்கும் முன்பே போயிருந்தது. கிளிகோர்தான் தொடங்கினான். பிறகு சிமென்ட் ஆலை. பிறகு ஆஸ்பத்திரி, கல்லறைக் காவலாளி, காப்பக ஆசிரியை. தரை அதிர்ந்தது. ஸம்ஃபிராகேவும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகியபடியே சிரித்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பென்சில் மேசையில் கிடந்தது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஸம்ஃபிராகேவுக்கு உறைத்தது. நீதிமன்றம் தடை செய்த பாட்டை ஒலிபெருக்கியில் படித்தவர் அவர். ஒரு ஊரையே சிரிக்க வைத்தவரும் அவர்தான். யாராவது ஒருவர் உடனே மாட்ட வேண்டும். அவர் மெல்ல கியூத்சாவின் பக்கம் திரும்பினார்.

"தோழர், ஒரு சின்னக் கேள்வி. ஐம்பத்தேழுல இது பகைப் பாட்டுன்னு நீதிமன்றம் சொல்லுது. ஐம்பத்தேழுல இத எழுதினது நாந்தான்னு நீங்க சொல்றீங்க. எண்ணூறு பிரதி அச்சடிச்சும் குடுத்திருக்கீங்க. அப்ப அந்த நாலு வருஷ தண்டன யாரோடது?"

"அது வேற பாட்டு, தோழர்! இது வேற! நான் வார்த்தைய மாத்தியிருக்கேன்."

"எந்த வார்த்தைய?"

"'இன்று'ங்கிறத."

"ஆக, முதல்ல 'இன்று'ன்னு எழுதினதும் நீங்கதான்."

"இல்ல! அவன்! அவன்தான் எழுதினான்! நான் வெறும்..."

"வெறும்?"

"நான் வெறும் காட்டிக் குடுத்தேன்!"

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. 'இயக்குநர் தமது பங்களிப்பை விளக்கினார்' என்று நான் குறிப்பில் எழுதினேன்.

நடுவரிசையில் செவஸ்தித்சா எழுந்து நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குரல் கவுண்டரில் பேசுவது போலவே இருந்தது.

"தோழர், இன்னொரு தடவ சொல்லுங்க. பின்வரிசைக்குக் கேக்கல."

கியூத்சா கண்ணாடி உறையைத் தேடினார்.

"பதினெட்டு வருஷம் ஆச்சு. அவசரமில்ல. நிதானமா சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து யாரோ, "கேக்கல, கேக்கல" என்றார்கள். அது அரங்கம் முழுவதும் பரவியது. ஸம்ஃபிராகே, "மக்கள் கேக்கறாங்கல்ல" என்றார். கியூத்சா இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை மெதுவாக, தரையைப் பார்த்து. செவஸ்தித்சா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

ஸம்ஃபிராகேவின் தீர்ப்பை அங்கேயே தட்டச்சு செய்தேன். 'மேற்படி பாட்டு 1958-இல் பகையானது. 1976-இல் ஆரோக்கியமானது. இடையில் பாட்டு மாறவில்லை. நீதிமன்றமும் தவறு செய்யவில்லை. படைப்புரிமை குடியரசின் முத்திரையால் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டிருப்பதால் முதல் பரிசு ஃபிலாரெத்துக்கு வழங்கப்படுகிறது. பிரசுரிக்கும்போது "இன்று" என்ற சொல்லை ஆசிரியர் எந்த நாளாகவும் கருதிக்கொள்ளலாம்.'

பரிசு ஒரு சான்றிதழ். முதல் பரிசு பெறுபவர் நன்றியாக ஒரு நகைப்பா சொல்வது எங்கள் வழக்கம். ஃபிலாரெத் ஒலிபெருக்கியின் முன் நின்றான். சான்றிதழை மூன்று விரல் கையில் பிடித்திருந்தான். வராது என்று நினைத்தேன்; அவன் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவன், தபால் கொடுக்கும்போது சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னான்:

"ஊரைக் காட்டிக் கொடுத்தவன் மூக்கைப் பொத்தி,
'உவ்வே, கழுநாற்றம், கோமானே!' என்று நின்றான்.
'பாவம்டா, இவனுக்கு மட்டும் கொஞ்சம் உயர்த்தி
நட்டு வையுங்கள், மேலே நல்ல காற்று' என்றான்."

நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திய பிரபு ஒருவனைக் கோமான் எல்லோரையும்விட உயரமான கழுவில் ஏற்றிய கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலத்துக்குள் பாட்டு ரொட்டி வரிசைக்கு வந்துவிட்டது. புதன்கிழமைக்குள் சிமென்ட் ஆலை லாரிகளோடு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. கியூத்சாவை இயக்குநர் பதவியிலிருந்து எடுத்து ஆலையின் நூலகத்துக்கு மாற்றினார்கள். நூலகம் மூன்றாவது மாடியில் இருந்தது தற்செயல்தான். ஆனால் அவர் படியேறும்போது தொழிலாளர்கள் கீழே நின்று, "எப்படி இருக்கு தோழர், மேல காத்து?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்கள். சலூனில் முடிவெட்டுபவர், "மேல கொஞ்சம் காத்தோட்டமா விடவா?" என்றார். பாதிரியார்கூட ஒருநாள் ஜன்னலைத் திறக்கச் சொல்லும்போது அவரைப் பார்த்துவிட்டார்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த கியூத்சா போலீசுக்குப் போனார். அங்கே நடந்ததைச் சார்ஜென்ட்டே சந்தையில் நடித்துக் காட்டினார்.

"பாட்டுல உங்க பேரு இருக்கா, தோழர்?"

"இல்ல."

"உங்க வேல, உங்க வீடு, உங்க மீசை?"

"இல்ல. கோமானப் பத்தி, ஒரு பிரபுவப் பத்தி."

"அப்ப உங்களத்தான் சொல்றாங்கன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமே!"

"எல்லாருக்கும் எப்படித் தெரியும்? நீங்க யாரையாவது காட்டிக் குடுத்தீங்களா?"

கியூத்சா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வாசலில் காவல் நின்றவன் மிகவும் மரியாதையாக வழிவிட்டு, வானத்தைப் பார்த்து ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டான். அந்த இலையுதிர் காலத்திலேயே அவர் வேறு ஊருக்கு மாறிப்போனார். பாட்டு அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் வேலை போகவில்லை. புதிய இயக்குநருக்கு விதிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

கியூத்சா ஊரைவிட்டுப் போன வாரத்து ஞாயிறு மத்தியானம் செவஸ்தித்சா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முட்டைக்கோஸ் உருண்டையும் மக்காச்சோளக் களியும். அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். பெரிய வேலை ஒன்று முடிந்து கை சும்மா இருப்பவளைப் போல மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். ஃபிலாரெத்துக்கு அன்று நல்ல பசி. மூன்றாவது தட்டு முடித்துவிட்டு, "அக்கா, அந்தத் தீர்ப்பு எங்க?" என்றான்.

"எதுக்கு இப்ப?"

"கடைசிப் பக்கம் நான் படிச்சதே இல்ல. அன்னைக்கு மேடையில அந்தப் பிரதிநிதி பெரட்டும்போது பாத்தேன். அங்க கையெழுத்து நெறைய இருந்துச்சு."

அவள் அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசையில் விரித்தாள். மூவரும் குனிந்து பார்த்தோம்.

"நீதிபதி?" என்றான்.

"போய்ச் சேந்துட்டான்."

"விசாரிச்ச அதிகாரி?"

"அவன் இருக்கான். மாவட்ட ஆபீசுல பெரிய ஆளு. குண்டாயிட்டான்."

"குண்டா?" ஃபிலாரெத் அதை மனதில் வாங்கிக்கொண்டான். "அரசு வக்கீல்?"

"ஓய்வு வாங்கிட்டு மலையடிவாரத்துல வீடு கட்டியிருக்கான். போன மாசம் பார்சல் போட வந்தான். தேனீ வளக்கிறானாம்."

ஃபிலாரெத் தட்டைத் தள்ளி வைத்தான். களி ஆறிக்கொண்டிருந்தது. அவன் உதடு மட்டும் அசைந்தது. "தேனீ... தேனீ..."

"மேனி" என்றாள் செவஸ்தித்சா.

"வீங்கின மேனி" என்றான் அவன். முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, பேனாவ எடு."